சட்டமும் போர்வையும்



புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலைக்குச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் காணவே செல்கின்றனர். மேலைக்கோயில் என வழங்கும் குடைவரையின் அருகே, பாறையின் முகத்தில், கிரந்த எழுத்துகளால் பொறிக்கப்பெற்றுள்ள இசைக் கல்வெட்டே அது. அதன் சிறப்பை இசை வல்லோர் பலர் விரித்துரைத்திருக்கின்றனர். நான் இன்று பேச வந்தது இசையைப் பற்றியன்று. தச்சுத் தொழிலைப் பற்றி. கல்லே கண்ணுக்குத் தெரியும் ஊரில் தச்சனுக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். அவ்வினாவிலிருந்தே தொடங்குவோம்.

குடைவரையினுள் நின்று தூண்களை நோக்குங்கள். தூணின் தலையில் போதிகை. போதிகையின் மேல் உத்திரம். இவை தனித்தனி உறுப்புகள் போலத் தோன்றினும் உண்மையில் யாவும் ஒரே பாறை. உத்திரத்தைப் போதிகை தாங்கவில்லை. போதிகையைத் தூண் தாங்கவில்லை. மலையைக் குடைந்தவன் இவ்வுறுப்புகளை ஏன் செதுக்கினான்? அவன் அறிந்த வீடும் அரண்மனையும் மரத்தால் ஆனவை. மரத்தூணின் மேல் உத்திரத்தை வைப்பவன் இடையே ஒரு போதிகையை வைத்தே தீரவேண்டும். அப்பழக்கம் கல்லிலும் தொடர்ந்தது. மலையடியிலுள்ள பெரிய கோயிலுக்கு வந்து மேலே பார்த்தால், நம் நாட்டுக் கற்கோயில்கள் அனைத்திலும் காண்பது போலவே, சுவரின் தலையில் வளைந்து இறங்கும் கபோதத்தைக் காணலாம். அது கூரையின் இறவாரம். அதன்மேல் குதிரைலாட வடிவில் அமைந்த கூடுகள், மூங்கிலை வளைத்துக் கட்டிய கூரையின் முன்முகத்தை நினைவூட்டுபவை. கோயில் கல்லால் ஆயினும், அதன் உருவத்தை முதலில் வகுத்தவர்கள் தச்சரும் கூரை வேய்வோருமே.

இதே மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அப்பாலுள்ள ஆவுடையார்கோயிலுக்குச் சென்றால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். அங்குள்ள கொடுங்கைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சிலவற்றை ஒழித்து மற்றெவ்வேலையும் செய்து தருவோம் என்று பழங்காலச் சிற்பியர் ஒப்பந்தம் எழுதுவர் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. கருங்கல்லைத் தகடு போல மெலிதாக்கி, கைமரங்கள் வரிசையாக இறங்குவதையும், அவற்றின் குறுக்கே சட்டங்கள் ஓடுவதையும், அவை ஆணியால் இறுக்கப்பட்டிருப்பதையும் கல்லிலேயே காட்டியிருக்கின்றனர். ஆணியின் தலையைக் கூட விடவில்லை! கல் தன் எடையினாலேயே இருந்த இடத்தில் இருக்கும். அதற்கு ஆணி வேண்டா. ஆயினும் சிற்பி ஆணியைச் செதுக்கினான். மரக்கூரையில் ஆணி எத்துணை இன்றியமையாதது என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே நான் கொள்கின்றேன்.

மரச்சட்டத்தின் மேல் போர்த்தும் பலகையையும், அதனைப் பிணிக்கும் ஆணியையும் பற்றியதே இப்பேச்சு. சுவர்க்கால்களின் வெளிப்புறத்திலும் கைமரங்களின் மேலும் அறையப்படும் இம்முதற் போர்வையைப் 'போர்வைப் பலகை' என்று நாம் அழைப்போம். அது மழையையும் வெயிலையும் தடுக்கும் ஒரு மூடி என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. மறுபாதியை ஒரு ஸ்லேட்டுப் பலகை உங்களுக்குக் கற்பிக்கும்.

ஸ்லேட்டைச் சுற்றி நான்கு மரச்சட்டங்கள் இருக்கின்றன. கல் உடைந்து விழுந்தபின் வெறுஞ்சட்டத்தைக் கையில் எடுத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். நீள்சதுரம் சாய்ந்து இணைகரமாகிவிடும். சட்டம் ஒடியவில்லை, மூலைகளே மடங்கின. கல் இருந்தபோது ஏன் அவ்வாறு மடங்கவில்லை? சட்டம் சாயவேண்டுமாயின் ஒரு மூலைவிட்டம் நீளவேண்டும், மற்றொன்று குறுகவேண்டும். நடுவிலிருந்த தகடு அவ்விரண்டையும் தடுத்தது. சட்டம் கல்லைக் காத்தது என்று நாம் கருதியிருந்தோம். கல்லும் சட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. மரவீட்டின் சுவரில் நிகழ்வதும் இதுவே. கால்கள் கூரையின் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் வரும் காற்றை அவற்றால் தனியே எதிர்க்க இயலாது. அவ்வேலை போர்வைப் பலகையினுடையது.

அங்ஙனமாயின் நம் கிராமத்துக் குடிசைகள் பலகை எதுவும் இன்றி எவ்வாறு நின்றன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. குடிசையின் கால்கள் தரையில் ஆழப் புதைக்கப்படுகின்றன. புதைத்த கால், வேரூன்றிய மரத்தைப் போலத் தானே நிமிர்ந்து நிற்கும். மூங்கில் வரிச்சுகளைக் கட்டி மண் அப்பிய சுவரும் ஓரளவு போர்வைப் பலகையின் வேலையைச் செய்கின்றது. ஆனால் புதைத்த மரத்தைக் கறையான் விடுவதில்லை, ஈரமும் விடுவதில்லை. மண்ணிலிருந்து காலை உயர்த்திக் கல்லடித்தளத்தின் மேல் வைத்தால் மரம் நெடுநாள் இருக்கும். ஆனால் அக்கணமே அது தன் வேரை இழந்துவிடுகின்றது. இழந்த அவ்வுறுதியை வேறு வழியில் ஈட்டவேண்டும்.

மேலைநாட்டார் அதனை ஈட்டிய வரலாறு சுவையானது. 1830களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு புதுமுறை பரவிற்று. பருத்த உத்திரங்களைத் துளையிட்டு இணைக்கும் பழைய தச்சு முறையை விடுத்து, மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியால் அறைந்தனர். தேர்ந்த தச்சர் அருகியும், ஆலை ஆணி மலிந்தும் இருந்த காலம் அது. இம்மெல்லிய சட்டங்களின் மேல் முதலில் வெறும் பலகைகளை அறைந்தனர். படுக்கை வசத்தில் அறைந்ததைவிட, மூலைவிட்டமாகச் சாய்த்து அறைந்த பலகைகள் சுவரைப் பன்மடங்கு விறைப்பாக்கின. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, விட்டத்துக்குச் சாய்வாக வரிசை வரிசையாய்ச் சுண்ணாம்பில் பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் மச்சை இவ்விடத்து நினைவு கூரலாம். அங்கே சாய்வின் நோக்கம் வேறு. மூலையிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைப் பற்றிக்கொண்டு நிற்பதற்காக அது. ஆயினும் சாய்கோட்டின் பயனை இருநாட்டுத் தொழிலாளரும் தத்தம் வழியில் கண்டனர்.

பின்னர் ஒட்டுப்பலகை வந்தது. நாம் பிளைவுட் என்கிறோமே, அதுதான். மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் இழை மற்றோர் ஏட்டின் இழைக்குக் குறுக்கே அமையுமாறு ஒட்டுவது அதன் முறை. 1905 ஆம் ஆண்டில் போர்ட்லண்டு நகரில் நடந்த கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டனர். 1930களில் நீருக்குக் கரையாத பசை கிடைத்த பின்னரே அதை வீட்டின் வெளிப்புறத்தில் நம்பி அறைய முடிந்தது. பசை சிறிய செய்திதான். ஆனால் அது இல்லாமற் போயிருந்தால் முதல் மழைக்கே ஏடுகள் பிரிந்துபோயிருக்கும்.

இஃதெல்லாம் அயலார் கதை என்று எண்ணிவிட வேண்டா. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் இலங்கையை விட்டுப் பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் கனடாவின் டொராண்டோவிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய வீட்டுப் படங்களைப் பார்த்தால் செங்கல் வீடு என்றே தோன்றும். பெரும்பாலும் அந்தச் செங்கல் ஒரு வரிசை கனமுள்ள மேற்பூச்சுதான். கூரையின் எடையை அது சுமப்பதில்லை. அதன் பின்னே ஒரு சிறு காற்றிடைவெளி. அதன் பின்னே போர்வைப் பலகை. அதன் பின்னே மரக்கால்கள். தமிழ்க் குடும்பங்கள் இன்று பனியிலும் காற்றிலும் போர்வைப் பலகையை நம்பி உறங்குகின்றன.

அப்பலகையை எவ்வாறு பொருத்துகின்றனர் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஒரு பலகையின் அளவு 8 அடி நீளம், 4 அடி அகலம். மரக்கால்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்பது பெருவழக்கு. 8 அடி என்பது 96 அங்குலம். அதை 16 ஆல் வகுத்தால் மீதமின்றி 6 வரும். 4 அடியையும் அவ்வாறே மீதமின்றி வகுக்கலாம். ஆகவே பலகையை நிறுத்தினாலும் கிடத்தினாலும் அதன் விளிம்பு ஒரு காலின் நடுவிலேயே முடியும். இவ்வொற்றுமை தற்செயலன்று. சுவரில் பலகை, அடியிலுள்ள கிடைச்சட்டத்தையும் தலையிலுள்ள கிடைச்சட்டத்தையும் ஒருங்கே பற்றவேண்டும். இடையிலே நின்றுவிட்டால் சுவர் அவ்விடத்தில் மடங்க இடம் உண்டாகும்.

கூரையில் பலகையின் நீளத்தைக் கைமரங்களுக்குக் குறுக்காக வைக்கின்றனர். வெளியேட்டின் இழை பலகையின் நீளவாக்கில் ஓடுவதால் அத்திசையிலேயே அது வலியது. வேலை இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறும். ஒரு வரிசையின் பொருத்துகள் அடுத்த வரிசையின் பொருத்துகளுக்கு நேராக வாராமல், செங்கற் சுவரில் போல, மாறி மாறி வரவேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். ஈரத்தில் மரம் பருக்கும். இடமில்லையேல் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி அலை போலப் புடைத்துவிடும்.

பலகையின்மேல் தார்த்தாளோ, நீர்புகாத் துணியோ விரிக்கின்றனர். கீழ் விரிப்பை முதலில் விரித்து, மேல் விரிப்பின் ஓரம் அதன்மேல் படியுமாறு இடுவர். இதை நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னங்கீற்றால் கூரை வேய்பவர், இறவாரத்துக் கீற்றை முதலில் கட்டி, மேலேறும் ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் மேல் படியுமாறு வேய்கின்றார். வரிசை மாறினால் நீர் நேரே உள்ளே இறங்கிவிடும். பொருள் வேறு, நீர் ஓடும் வழி எந்நாட்டிலும் ஒன்றே.

இனி ஆணிக்கு வருவோம். எளிய வேலை போலத் தோன்றி மிகுந்த கேடு விளைவிப்பது இதுவே. பலகையின் விளிம்புகளில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி. நடுவிலுள்ள கைமரங்களில் 12 அங்குலத்துக்கு ஓர் ஆணி என்பது நெடுநாள் வழக்கு. கைமரத்தின் கனம் ஒன்றரை அங்குலம். அதன் நடுவில் இரண்டு பலகைகள் சந்திக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் கிடைக்கும் இடம் முக்கால் அங்குலமே. அம்முக்கால் அங்குலத்தின் நடுவில், விளிம்பும் பிளவாமல் மரத்தையும் தவறாமல் ஆணி இறங்கவேண்டும். மேலே நிற்பவனுக்கோ கைமரம் தெரிவதில்லை. பலகை அதனை மூடிவிட்டது. ஆதலால் தேர்ந்த தச்சன், நம் ஊரில் செய்வது போலவே, வண்ண நூலை இழுத்துப் பிடித்து நூல் அடித்துக் கோடு காண்கின்றான். அவசரக்காரன் கண் மதிப்பில் அறைகின்றான். அவன் அறைந்த ஆணி பலகையைத் துளைத்துக் கைமரத்தின் பக்கத்தில் வெறுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் நல்ல ஆணிக்கும் பொய் ஆணிக்கும் வேறுபாடு தெரியாது. இன்னொரு குறையும் உண்டு. காற்றழுத்தத்தால் ஆணியறையும் கருவியை அளவுக்கு மேல் முடுக்கினால், ஆணித்தலை பலகையின் மேலேட்டைக் கிழித்து உள்ளே புதைந்துவிடும். ஆணி மரத்தைப் பற்றியிருக்கும்; பலகை ஆணியைப் பற்றியிராது.

ஆணியின் கணக்கைப் பேசும்போது தில்லையை மறக்கலாகாது. சிதம்பரத்துச் சிற்றம்பலம் கல்லடித்தளத்தின் மேல் மரத்தால் எழுப்பப்பெற்றது. அதன் மரக்கூரைமீது பொன் வேய்ந்த பெருமையைச் சோழன் முதற் பராந்தகனுக்கு (907–955) செப்பேடுகள் உரைக்கின்றன. அக்கூரையில் 21,600 ஓடுகளும் அவற்றைப் பிணிக்க 72,000 ஆணிகளும் உள்ளன என்பது மரபு. ஒருநாள் மூச்சின் எண்ணிக்கை முன்னது; உடலின் நாடிகளின் எண்ணிக்கை பின்னது என்று பெரியோர் பொருள் கூறுவர். அது தத்துவம். நீங்கள் கணக்கு மாணவர்களாக 72,000 ஐ 21,600 ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஓட்டுக்கு மூன்று ஆணிக்குச் சற்று மிகுதி. ஒன்று அறைந்தால் ஓடு சுழலும். இரண்டு அறைந்தால் அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் ஆடும். மூன்று அறைந்தால் அசையாது. மூச்சையும் நாடியையும் எண்ணியவர்கள் கைக்கணக்கிலும் பிழை விடவில்லை.

இத்துணை ஆணி எதற்கு? கூரை கீழே விழாமலிருக்க அன்று, மேலே பறவாமலிருக்க. காற்று கூரையை அழுத்துகின்றது என்று நாம் நினைக்கின்றோம். சரிவு குறைந்த கூரையில் பெரும்பாலும் அது மேல்நோக்கி இழுக்கவே செய்கின்றது. முகட்டையும் இறவாரத்தையும் கடந்து விரையும் காற்று, கூரையின் மேற்பரப்பில் அழுத்தத்தைக் குறைத்துவிடுகின்றது. ஓரங்களிலும் மூலைகளிலும் இவ்விழுவிசை நடுப்பகுதியைவிட மிகப் பெரிது. காற்றை நோக்கிய கதவொன்று உடைந்துவிட்டாலோ, உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும்.

விசையின் அளவைக் கணிப்போம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கொண்டு, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33.3 மீட்டர். அழுத்தம் ஏறத்தாழ 667 நியூட்டன். அதாவது சதுர மீட்டருக்கு 68 கிலோகிராம் எடை. எட்டுக்கு நாலடிப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர். இழுவிசை இவ்வழுத்த அளவை எட்டுமாயின், 20 கிலோகிராம் எடையுள்ள ஒரு பலகையை 200 கிலோகிராம் விசை தூக்க முயல்கின்றது! வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். ஆகவே தான் ஆண்டுதோறும் வரும் காற்றுக்கு அசையாத கூரை, ஒருநாள் வரும் புயலுக்குப் பறந்துவிடுகின்றது. 'இத்தனை நாள் நின்றதே' என்னும் சான்று செல்லாச் சான்று.

1992 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் ஆண்ட்ரூ என்னும் சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கியது. இடிபாடுகளை ஆராய்ந்தோர் கண்டவற்றுள் முதன்மையானது, கூரைப் பலகைகள் கைமரத்தை விட்டுப் பெயர்ந்திருந்தமை. ஆணிகள் தொலைதூரத்துக்கு ஒன்றாக இருந்தன. பல மரத்தைத் தொடவே இல்லை. ஒரு பலகை போனதும் மழை உள்ளே கொட்டிற்று. பலகைகள் போனதும் அவை நிமிர்த்திப் பிடித்திருந்த முக்கோணச் சட்டங்கள் சீட்டுக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. ஸ்லேட்டுக் கல் உடைந்த கதையே அங்கும் நிகழ்ந்தது. அதன் பின்னர் அம்மாநிலத்தில் விதிகள் கடுமையாயின. 2002 ஆம் ஆண்டில் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. பெருங்காற்றுப் பகுதிகளில் நடுக் கைமரங்களிலும் ஆணியை நெருக்கி அறைகின்றனர். வழுவழுப்பான ஆணிக்கு மாறாக, உடலில் வளையங்கள் கொண்ட ஆணியை இடுகின்றனர். அது மரத்தைப் பற்றினால் எளிதில் விடாது.

நம் புதுக்கோட்டைக்கும் அத்தகைய நாள் வந்தது. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு வந்து, இம்மாவட்டத்தின் ஊடே மேற்கு நோக்கிச் சென்றது. தென்னந்தோப்புகள் வீழ்ந்ததை உலகம் அறியும். அத்தோடு கீற்றுக் கூரைகளும், ஓடுகளும், தகரமும், கல்நார்த் தகடும் எண்ணின்றிப் பறந்தன. சுவர் நின்றது, கூரை இல்லை என்ற நிலையில் வீடுகள் இருந்தன. மரமாயினும் தகரமாயினும் சட்டத்தையும் போர்வையையும் பிணிக்கும் இடமே நலிந்த இடம் என்பது இருநாட்டுக்கும் பொது.

நம் ஊரில் ஒட்டுப்பலகைக் கூரை அரிது. தகடு வேய்ந்த கூரையோ தெருவுக்குத் தெரு உண்டு. தகட்டைக் குறுக்குச்சட்டத்தோடு பிணிக்கும் கொக்கி ஆணிகளை நடுப்பகுதியில் இடும் அளவிலேயே ஓரங்களிலும் இட்டுவிடுகின்றனர். சில இடங்களில் தகட்டின்மேல் கல்லை வைத்து ஆணிச் செலவை மிச்சம் பிடிக்கின்றனர். அக்கல் ஒரு காற்றுக்குப் பாரம். அடுத்த காற்றுக்கு அண்டை வீட்டாரின் தலைமேல் விழும் ஆபத்து. இறவாரத்து வரிசை, முகட்டு வரிசை, இரு பக்கத்து ஓரங்கள் ஆகிய இந்நான்கு இடங்களிலும் கொக்கிகளை இருமடங்கு நெருக்கவேண்டும். தகட்டைக் குறுக்குச்சட்டத்தோடு கட்டியது போதாது. குறுக்குச்சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் தலையோடும் இரும்புப் பட்டையால் பிணிக்கவேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி சங்கிலியன்று.

உங்கள் வீட்டில் அத்தகைய கூரை இருக்குமாயின், வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு கீழே நின்றபடியே அண்ணாந்து பாருங்கள். தகட்டின்மேல் ஏற வேண்டா. கல்நார்த் தகடு ஆள் எடையைத் தாங்காது. உள்ளிருந்து நோக்கினால் கொக்கிகள் சட்டத்தைச் சுற்றி வளைந்திருப்பது தெரியும். இறவாரத்து வரிசையில் எத்தனை இருக்கின்றன, அவற்றுள் துருவேறி மெலிந்தவை எத்தனை, சட்டத்தைப் பற்றாமல் வெறுமனே தொங்குபவை எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் தச்சரிடமோ கொத்தனாரிடமோ கொடுத்தால், அரைநாள் வேலையில் அவர் முடித்துவிடுவார்.